கோப்பைக்கு முன் கொப்பரை

ஜெர்சி சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்களுக்கு முதல் கோடை முடிவதற்குள் இந்த அழைப்பு வந்துவிடும்: "சனிக்கிழமை டீமோட ப்ரூவரி டூர் போறோம், அப்புறம் ரெண்டு மூணு பப். நீங்களும் வர்றீங்கல்ல?" குடிக்கிறவருக்கும் தயக்கம், குடிக்காதவருக்கும் தயக்கம். மது விற்கும் இடம் என்றால் நம் கண்ணில் நிற்பது கம்பி வலைக்குள்ளிருந்து நீளும் கையும், வாங்கியதை மறைத்துக்கொண்டு ஒதுங்கி நடக்கும் ஆளும்தான். பத்துப் பேர் கூட்டமாகப் போய்ப் பீர் காய்ச்சும் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது என்ன வகையான பொழுதுபோக்கு என்று பிடிபடாது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது அடுத்த கவலை. ஒரு கப் டீயில் முடிகிற விஷயம் இல்லை இது. இன்னொரு கப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், சுற்றிக் காட்டுவது எதற்காக? நியூ ஜெர்சியில் அது வந்தவர்களுக்குச் செய்யும் உபசாரமாக மட்டும் இருக்கவில்லை; பல ஆண்டுகள் சட்டமாகவே இருந்தது. 2012 செப்டம்பரில் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்ட ஒரு சட்டம், சிறிய ப்ரூவரிகளுக்குப் புதிய உரிமை ஒன்றைக் கொடுத்தது. தாங்கள் காய்ச்சிய பீரைத் தங்கள் இடத்திலேயே கோப்பையில் ஊற்றி விற்கலாம். அதற்கு முன்பு, வந்தவர்களுக்கு ருசி பார்க்கக் கொஞ்சம் கொடுக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போகச் சொற்பமாக விற்கலாம், அவ்வளவுதான். ஆனால் புது உரிமையோடு ஒரு நிபந்தனையும் வந்தது: வாங்குபவர் அந்த ப்ரூவரியைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். சுற்றிப் பார்க்காதவருக்கு உட்கார்ந்து குடிக்கக் கோப்பை கிடையாது. ப்ரூவரிக்குள் உணவகம் நடத்தவும் கூடாது.

இப்படியொரு நிபந்தனை ஏன் என்று கேட்டால், பதில் பார் லைசென்ஸில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு நகராட்சி, 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் உட்கார்ந்து குடிக்கும் இடத்துக்கான உரிமம் வழங்க முடியும். மக்கள்தொகை கூடினால் ஒழியப் பொதுவாகப் புது உரிமம் பிறக்காது. அதனால் இருக்கிற உரிமம் கைமாறும்போது பல லட்சம் டாலர் விலை பேசப்படுகிறது. அவ்வளவு பணம் போட்டு பார் நடத்துபவர், பக்கத்துத் தெருவில் சொற்பக் கட்டணத்தில் லைசென்ஸ் வாங்கிய ப்ரூவரி தன் வாடிக்கையாளரை இழுத்துக்கொள்ளும் என்று பயப்படுவது இயல்பு. 'நாங்கள் பார் இல்லை, தொழிற்சாலை. வந்தவர்கள் பார்வையாளர்கள்' என்று ப்ரூவரிகள் சொல்வதற்கு அந்தச் சுற்றுதான் சாட்சியாக நின்றது.

2022 ஜூலையில் மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறை இதை இன்னும் இறுக்கியது. ஒரு ப்ரூவரி தன் இடத்தில் ஆண்டுக்கு 25 நிகழ்ச்சிகள்தான் நடத்தலாம், உணவு வண்டிக்காரரோடு ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாது என்றெல்லாம் விதிகள் அமலுக்கு வந்தன. சிறு ப்ரூவரிக்காரர்கள் போராடினார்கள். 2024 ஜனவரியில் அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தில் அந்தக் கட்டுகள் பெரும்பாலும் தளர்ந்தன. நிகழ்ச்சிகளுக்கு உச்சவரம்பு போயிற்று, உணவு வண்டி வரலாம், நொறுக்குத் தீனி விற்கலாம். கட்டாயச் சுற்றும் நீக்கப்பட்டது. இன்று நீங்கள் நேரே உள்ளே போய் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு உட்காரலாம். உங்களை யாரும் டேங்க் பக்கம் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை.

சட்டம் தளர்ந்தது சிறு தொழில் செய்பவர்களுக்கு நியாயமான விடுதலை. ஆனாலும் குழுவாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்களாகக் கேட்டு, முதலில் சுற்றிப் பாருங்கள். அந்த நாளின் சாரமே அதில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஹட்சன் ஆற்றின் இந்தக் கரைக்குப் பீர் புதிதாக வந்த பண்டம் இல்லை. நியூ ஜெர்சியின் முதல் ப்ரூவரி என்று கருதப்படுவது 1640-களின் தொடக்கத்தில், டச்சுக் குடியேற்றக் காலத்தில், இன்றைய ஹோபோக்கனில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியர்கள் பெருமளவில் வந்து இறங்கியபோது இந்தப் பகுதி ப்ரூவரிகளால் நிறைந்தது. ஜெர்சி சிட்டியில் ஹாமில்டன் பார்க்குக்குப் பக்கத்தில், ஒன்பதாம் தெரு பத்தாம் தெரு ஓரமாக, லெம்பெக் அண்ட் பெட்ஸ் ஈகிள் ப்ரூயிங் கம்பெனி 1869-இல் தொடங்கியது. செங்கல் கட்டடங்களாக வளர்ந்து ஒரு வட்டாரத்தையே நிறைத்தது. பக்கத்து நகரமான நெவார்க்கில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பீட்டர் பாலன்டைன் 1840-இல் காய்ச்ச ஆரம்பித்தார். அந்தப் பெயர் பிறகு நாட்டின் பெரிய ப்ரூவரிகளில் ஒன்றாயிற்று. உலகத்தில் முதன்முதலாக டின்னில் அடைத்து விற்பனைக்கு வந்த பீர், நெவார்க்கின் க்ரூகர் ப்ரூவரி காய்ச்சியது. 1935 ஜனவரி 24 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அது கடைக்கு வந்தது.

நடுவில் மதுவிலக்கு. 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை அமெரிக்கா முழுவதும் மது காய்ச்சவும் விற்கவும் தடை. நியூ ஜெர்சி அதை மனமுவந்து ஏற்கவில்லை. ஜெர்சி சிட்டிக்காரரான எட்வர்ட் எட்வர்ட்ஸ், இந்த மாநிலத்தை அட்லாண்டிக் பெருங்கடல் போல ஈரமாகவே வைத்திருப்பேன் என்று பேசி, 1919-இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். மதுவிலக்குத் திருத்தத்துக்கு நியூ ஜெர்சி ஒப்புதல் கொடுத்ததே 1922-இல்தான், தடை அமலுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. 1917-லிருந்து முப்பது ஆண்டுகள் ஜெர்சி சிட்டியின் மேயராக இருந்த ஃப்ராங்க் ஹேக்கின் காலத்தில் இந்த ஊரில் தடை பெயரளவில்தான் இருந்தது. கள்ளச் சரக்கு ஓடியது. ஆனால் லெம்பெக் போன்ற, ஊரறியக் காய்ச்சிய இடங்கள் மூடின. லெம்பெக்கின் கட்டடங்கள் 1984-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தன. அப்படியும் 1997-இல் இடிக்கப்பட்டன. மதுவிலக்கு குடியை நிறுத்தவில்லை. எங்கே, எதைப் போட்டு, யார் காய்ச்சுகிறார்கள் என்று தெரிந்திருந்த நிலையைத்தான் நிறுத்தியது.

இதே பாடம் நமக்கும் உண்டு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் தளர்ந்தது, பிறகு மீண்டும் வந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவாயிற்று, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று. பனையேறியைக் கண்ணால் பார்த்து, இன்று காலை இறக்கியதா என்று கேட்டுக் கள் வாங்கிய காலம் 1987-இல் கள்ளுக்குத் தடை வந்ததோடு முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மது என்பது மூடிய ஆலைக்குள் தயாராகி, சீல் வைத்த பாட்டிலாக கவுண்டரில் வரும் ஒன்று. இல்லையென்றால் இருட்டில் காய்ச்சப்படும் ஒன்று. அந்த இரண்டாவது வகை என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். காய்ச்சுபவர் முகம் தெரியாத, காய்ச்சும் இடம் தெரியாத பானம் எளியவர்களைத்தான் முதலில் கொல்கிறது. வாசலைத் திறந்து வைத்து, வாருங்கள், பாருங்கள், கேளுங்கள் என்று சொல்லும் இடத்தை நான் மதிப்பது இதனால்தான்.

சரி, உள்ளே போவோம். ஜெர்சி சிட்டியில் சிறு ப்ரூவரிகள் கதவைத் திறந்தது 2012 சட்டத்துக்குப் பிறகு. டவுன்டவுனில் பே ஸ்ட்ரீட்டில் 2015-இல் டிபார்ட்டட் சோல்ஸ் தொடங்கியது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகவும் அவர்கள் பீர் காய்ச்சினார்கள். பெர்கன்-லஃபாயெட் பகுதியில், பழைய ஆலைகளும் கிடங்குகளும் இருந்த பசிஃபிக் அவென்யூவில், 902 ப்ரூயிங் வந்தது. எந்த ப்ரூவரிக்குப் போனாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். உயர்ந்த கூரை, ஈரமான சிமென்ட் தரை, வரிசையாக ஸ்டீல் டேங்க்குகள், வேக வைத்த தானிய வாசனை.

சுற்றிக் காட்டுபவர் முதலில் ஒரு பிடி மால்ட்டை உள்ளங்கையில் கொட்டுவார். தயங்காமல் வாயில் போட்டு மெல்லுங்கள். உமி முதலில் நாக்கில் உரசும். கொஞ்சம் மென்றதும் உள்ளே இருக்கும் மாவு தித்திக்கும். பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் சூடு காட்டி உலர்த்தியதுதான் மால்ட். கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவு அரைக்கிறோமே, அதே வேலைதான். முளைக்கும் தானியம் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிச் சாப்பிட்டு வளர வேண்டும். அதற்காகவே சில என்சைம்களை உண்டாக்கிக்கொள்ளும். உலர்த்தினால் முளை நின்றுவிடும், என்சைம்கள் தூங்கிக்கொண்டிருக்கும்.

அவற்றை எழுப்புவதுதான் அடுத்த படி. மால்ட்டை உடைத்து, வெந்நீரில் கலந்து, பெரிய கொப்பரையில் சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இந்த வெப்பம்தான் காய்ச்சுபவரின் கைப்பக்குவம். ஓரிரண்டு டிகிரி குறைத்தால் ஈஸ்ட் முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரை அதிகமாகி, பீர் லேசாக, வறண்ட சுவையோடு வரும். கூட்டினால் கனமாக, வாயில் நிற்கும்படி வரும். பிறகு இனிப்பு நீரை வடித்து எடுப்பார்கள். எஞ்சும் தானியச் சக்கையைப் பல ப்ரூவரிகளிலிருந்து பண்ணைக்காரர்கள் மாட்டுத் தீவனத்துக்கு எடுத்துப்போகிறார்கள்.

வடித்த நீரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்து ஹாப்ஸ் போடுவார்கள். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. உலர்த்தி, பொடித்து, சின்ன உருண்டைகளாக அழுத்தி வைத்திருப்பார்கள். ஓர் உருண்டை கேட்டு வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். நாரத்தைத் தோல், பைன் பிசின், அறுத்த புல் என்று வகைக்கு ஒரு வாசனை வரும், கை பிசுபிசுக்கும். கொதியின் தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பைக் கொடுக்கும், பீர் கெடாமலும் காக்கும். கடைசியில் போடுவது வாசனையைக் கொடுக்கும். ஐ.பி.ஏ. என்று பலகையில் எழுதியிருப்பதெல்லாம் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்ட வகை.

கொதித்ததைச் சட்டென்று குளிரவைத்து, உயரமான, அடி கூம்பிய டேங்குக்கு அனுப்பி ஈஸ்ட் சேர்ப்பார்கள். அங்கே நிற்கும்போது டேங்கின் கால்பக்கம் பாருங்கள். மேலிருந்து ஒரு குழாய் இறங்கி வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாக்க, அந்த வாயு வாளியில் விடாமல் கொப்பளித்துக்கொண்டிருக்கும். வாளி மும்முரமாகக் கொப்பளித்தால் இரண்டொரு நாளுக்குள் நிரப்பிய டேங்க். எப்போதாவது ஒரு குமிழி வந்தால் வேலை முடியப் போகிறது. 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஓரிரு வாரத்தில் நொதித்து முடிவது ஏல். 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெல்ல நொதித்து, பிறகு உறையும் நிலைக்கு அருகே பல வாரம் கிடப்பது லாகர். ஜெர்மானியர் இங்கே கொண்டுவந்தது லாகரை. இயந்திரக் குளிர்ச்சி வராத காலத்தில் அதற்காகக் குளிர்காலத்தில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டிச் சேமித்து வைக்க வேண்டியிருந்தது.

கூட வந்திருக்கும் அப்பாவிடம் இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லலாம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்றில் மது சமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் பரப்பி ஆறவிடுகிறார்கள். முளைகட்டிய நெல்லை இடித்த மாவை அதில் கலக்கிறார்கள். வாய் உறுதியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, முற்றியதும் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். வழிப்போக்கனுக்குச் சுட்ட மீனோடு அது கிடைக்கும்.

படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாவுச்சத்தைக் கூழாக்குவது, முளைத்த தானியத்தின் சத்தைக் கொண்டு அதை இனிப்பாக்குவது, மூடிய கலத்தில் நொதிக்க விடுவது, வடிப்பது. பசிஃபிக் அவென்யூவில் ஸ்டீல் டேங்கில் நடப்பதும் இதுதான். வெப்பமானி, ஹாப்ஸ், தனியே வளர்த்த ஈஸ்ட், குளிர்ச்சி இயந்திரம் ஆகியவை பின்னால் வந்து சேர்ந்தவை. ஹாப்ஸ் இல்லாததால் நம்முடையது நாள்பட நிற்காது. உடனே குடிக்க வேண்டியது. பீர் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கும் தானியத்தில் மது சமைக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கு இது புது வெளிச்சம். அவர் குடிக்க வேண்டியதில்லை. அந்தக் கொப்பரை முன்னால் நின்று தன் இலக்கியத்தில் உள்ள ஒரு தொழிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

சுற்று முடிந்ததும் ருசி பார்க்கும் மேஜை. இங்கே 'ஃப்ளைட்' கேளுங்கள். ஒரு பலகையில் நான்கு சிறு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் நூற்றுச் சொச்சம் மில்லி, நான்கு வகை. நிறம் வெளுத்ததிலிருந்து கறுத்ததை நோக்கி, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிக் குடிப்பது வழக்கம். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். இரண்டு பேர் ஒரு ஃப்ளைட்டைப் பகிர்ந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம், எல்லோரும் செய்வதுதான்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். அமெரிக்காவில் 'ஒரு டிரிங்க்' என்று மருத்துவர்கள் சொல்வது சுமார் 14 கிராம் ஆல்கஹால். 5 சதவீத பீர் 355 மில்லி, அதாவது ஒரு டின், அந்த அளவுக்குச் சரி. ஆனால் பப்பில் ஊற்றும் பைண்ட் 473 மில்லி. இங்கே பேர் பெற்ற ஐ.பி.ஏ. வகைகளில் 8 சதவீதம் உள்ளவை சாதாரணமாகக் கிடைக்கும். அப்படி ஒரு பைண்டில் ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால், அதாவது இரண்டு டிரிங்குக்கும் கொஞ்சம் மேல். 'ரெண்டே ரெண்டு பீர்தான்' என்று சொல்பவர் உண்மையில் நாலு குடித்திருப்பார். பலகையில் ஒவ்வொரு பீருக்கும் எதிரே அந்தச் சதவீதம் எழுதியிருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

அடுத்து பப்கள். குழுவாகப் போகிறவர்களுக்கு லிபர்ட்டி ஸ்டேட் பார்க் பக்கம் செப்லின் ஹால் வசதி. 2009-இல் தொடங்கிய ஜெர்மன் பாணி பீர்த் தோட்டம். திறந்தவெளியில் நீள மேஜைகள், பெரிய கூட்டத்தையும் பிரிக்காமல் உட்கார வைப்பார்கள். லைட் ரெயிலில் ஜெர்சி அவென்யூ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அங்கிருந்து டவுன்டவுனுக்கு வந்தால் நெவார்க் அவென்யூவில் வாகனம் நுழையாத நடைவீதி, இரு பக்கமும் பார்களும் உணவகங்களும். அதே தெருவில் 2011-இல் வந்த பார்கேட், 1980-களின் ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களை வரிசையாக வைத்திருக்கும் பார். குடிக்காதவருக்கு அங்கே நேரம் போவதே தெரியாது.

பழக்கவழக்கம் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 21 வயது நிரம்பியதற்கான அடையாளம் எல்லோரும் வைத்திருக்க வேண்டும். தலை நரைத்தவரிடமும் கேட்பார்கள், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஊரிலிருந்து வந்தவர் என்றால் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் உள்ள படம் செல்லாமல் போகலாம். கோப்பைக்கு ஒரு டாலர், அல்லது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு டிப்ஸ் வையுங்கள். பரிமாறுபவரின் வருமானமே பெரும்பாலும் அதுதான். ஒருவர் எல்லோருக்கும் வாங்க, அடுத்தவர் பதிலுக்கு வாங்க என்று சுற்று விட்டுக்கொண்டே போனால், மெதுவாகக் குடிப்பவரும் வேகமாகக் குடிப்பவருக்கு ஈடுகொடுக்க வேண்டியதாகிவிடும். அவரவர் கணக்கு அவரவருக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

இரவுச் சாப்பாட்டுக்கு க்ரோவ் ஸ்ட்ரீட்டில் பாத் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் ஜர்னல் ஸ்கொயர். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் இந்தியா ஸ்கொயர். அதே நெவார்க் அவென்யூவின் மேற்குப் பகுதி. தோசையும் பிரியாணியும் கிடைக்கும் இந்த உணவகங்களில் பலவற்றில் மது கிடையாது. 3,000 பேருக்கு ஒன்று என்ற அந்த உரிமக் கணக்குதான் காரணம்; பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கிவிட்டு இட்லி விற்றுக் கட்டுப்படியாகாது. மாற்றாக, உரிமம் இல்லாத உணவகத்துக்கு நாமே பீரோ ஒயினோ கொண்டுபோய்க் குடிக்க, நகர விதி தடுக்காத இடங்களில், மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. விஸ்கி, ரம் வகையறாவுக்கு அனுமதி இல்லை. அதற்கென்று உணவகம் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. கடைக்காரர் விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். முதலில் கேட்பது மரியாதை.

இனிச் சொல்லப்போவது இந்தப் பேச்சிலேயே முக்கியமானது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் மேலே சொன்ன இடங்களை இணைக்க பாத் ரயிலும் லைட் ரெயிலும் கால்களும் போதும். பாத் ரயில் 24 மணி நேரமும் ஓடுகிறது. நியூ ஜெர்சியில் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டால் குற்றம். அந்த அளவு ஆளுக்கு ஆள், எடைக்கு எடை மாறும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்ற உணர்வை நம்ப முடியாது. விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்த ஒரு கைதை வைத்து விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு வழி இருக்கிறது. 2015 முதல் அந்த நடைமுறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. எச்-1பி வாங்க எத்தனை ஆண்டு காத்திருந்தோம், வீட்டில் எத்தனை பேர் அதை நம்பி இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், ஊபருக்குக் கொடுக்கும் இருபது டாலர் பெரிதாகத் தெரியாது. இதையும் மீறி ஓர் உயிர் போனால், அதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, போகலாமா வேண்டாமா என்று கேட்டால், போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நாளின் வரிசையை நீங்கள் தீர்மானியுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ப்ரூவரிக்குப் போங்கள். சுற்றிக் காட்டச் சொல்லி முன்கூட்டியே போன் செய்து வையுங்கள். மால்ட்டை மெல்லுங்கள், ஹாப்ஸைத் தேயுங்கள், வாளியில் குமிழியைப் பாருங்கள், மனதில் வரும் கேள்வியெல்லாம் கேளுங்கள். தன் கையால் காய்ச்சுபவருக்கு அதைப் பற்றிப் பேசுவதைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லை. ஒரு மாத உழைப்பு அந்தக் கோப்பைக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை மடக்கென்று ஊற்றிக்கொள்ள மாட்டார். அளவு தானாக வரும். டூரை விட்டுவிட்டு பப்பிலிருந்து பப்புக்குப் போகிற நாள், அடுத்த நாள் தலைவலியைத் தவிர வேறெதையும் மிச்சம் வைக்காது.

குழுவை அழைத்துப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலான ப்ரூவரிகளில் மது இல்லாத பானமும் கிடைக்கும். அதை முதலிலேயே விசாரித்து வையுங்கள். "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காதீர்கள், இரண்டாவது முறை வற்புறுத்தாதீர்கள். நம் ஊரில் குடியால் சிதைந்த ஒரு வீட்டிலிருந்து அவர் வந்திருக்கலாம். அவரும் சிரித்த முகத்தோடு வீடு திரும்பினால்தான் அந்த நாள் நல்லபடியாக நடந்தது என்று பொருள்.